நூறுக்கு எத்தனை

ஜனவரி 9, இரவு

அண்ணா,

இதைப் படிப்பது நீதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. நீ இல்லையென்றால், படிக்கிறவர் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். கடைக்கு மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பழுது பார்க்க அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று நேற்று திரும்பி வந்தது. அந்தப் பெட்டிகளை எப்போதும் அப்பாதான் பிரிப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். நேற்று அவர் குளித்துக்கொண்டிருந்ததால் நான் பிரித்தேன். உள்ளே சோதனைச் சீட்டு இருந்தது. “பழுது இல்லை. 71 டிகிரிக்கு மேல் சூடாகவில்லை.” அந்த ஏழின் நடுவில் ஒரு கோடு. ஏழுக்கு பெல்ட் போடுகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்று அம்மா சொல்வாளே. சீட்டின் அடியில் சேவை மையத்தின் முகவரி இருந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “சீட்டு எங்க?” என்றார். கார்டைக் கேட்கவில்லை.

அண்ணா, நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அது தப்புதானா என்றும் தெரியவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு கடைப் பலகை ஒன்றரை மாதம் காலியாகவே இருந்தது. “நூறுக்கு எத்தனை” என்ற தலைப்பு மட்டும் இருந்தது. வருகிறவர்கள் முதலில் பலகையைப் பார்த்தார்கள், பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். “என்னண்ணே, கணக்கைக் காணோம்?” “எழுதுற ஆளு லீவுல இருக்கான்.” எத்தனை நாள் லீவு என்று யாராவது கேட்டால் அப்பாவுக்குத் திடீரென்று பின்அறையில் வேலை வந்துவிடும்.

ஒரு நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நான் கீழே வந்தேன். நீ செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தெரியும். சோதனைக் கணினியில் அதே கார் விளையாட்டு, அதே பாதை, ஒவ்வொரு கார்டுக்கும் மூன்று சுற்று. நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று எழுதி, விலையால் வகுத்து, நூறால் பெருக்கி, நூறு கொடுத்தால் எத்தனை படம் என்று பலகையில் எழுதினேன். உன் கையெழுத்து மாதிரியே, ஏழுக்கு பெல்ட் போட்டு. காலையில் அப்பா பலகை முன்னால் நின்றார். “யாரு எழுதினது?” “அண்ணன் அனுப்பினான். நான் பாத்து எழுதினேன்” என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அனுப்பினான், எதில் அனுப்பினான், எதையும் அவர் கேட்கவில்லை. பலகையின் சட்டத்தில் இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து மூன்று மாதமாக நான்தான் எழுதுகிறேன். நீ அனுப்புவதாகத்தான் அவர் நினைக்கிறார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், விசிறி இல்லாத சின்ன கார்டு நொடிக்கு முப்பத்தொரு படம் தருகிறது. சரி. ஆனால் ஒற்றை விசிறி கார்டு அறுபது, இரட்டை விசிறி அறுபது, மூன்று விசிறியும் அறுபது. மறுபடி மறுபடி ஓட்டினேன். இருநூறு கொடுத்தாலும் அறுபது, முந்நூறு கொடுத்தாலும் அறுபது, அறுநூறு கொடுத்தாலும் அறுபது. அப்படியானால் அறுநூறு கொடுத்து வாங்குகிறவர்கள் எல்லாம் பைத்தியமா? அல்லது எனக்குத்தான் வகுத்தல் வரவில்லையா? வகுத்தலை ஐந்து தடவை சரிபார்த்துவிட்டேன். ஒற்றை விசிறி நூறுக்கு முப்பது. அதுதான் முதலிடம்.

கேம்ஸ் சென்டர்காரர் அதைப் பார்த்துவிட்டு அந்த ஒற்றை விசிறி கார்டில் முப்பது கேட்டிருக்கிறார். பிப்ரவரி இரண்டாம் தேதி அப்பா ஆர்டர் போடுகிறார், முன்பணம் அப்பாவுடையது. வந்த சரக்கைத் திருப்ப முடியாது. அவர் தயங்கியபோது அப்பா சொன்னார்: “என் பையன் கணக்குங்க. அங்க ஒரு நாளைக்கு எத்தனை கார்டு பாக்குறவன் அவன்!” அப்பாவுக்கு அது எப்படித் தெரியும்? எனக்கே நேற்றுதானே தெரிந்தது?

பதிலைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கும் எழுதுபொருள் கடை அக்காவுக்கு அனுப்பு. அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். மேலே கட்டில் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

உன் பொடி

•

ஜனவரி 15

பொடி,

நான்தான். ஏழுக்கு பெல்ட் போடுகிறவன்.

உன் கடிதத்தைப் பணிமேசையில் வைத்து நாலு பேருக்கு நடுவில் படித்தேன். என்ன விஷயம் என்று கேட்டார்கள். தங்கைக்குக் கணக்கில் சந்தேகம் என்றேன். பொய் இல்லையே.

பலகையை அழித்துவிடு. முழுவதும் அழி. ஏன் என்று கேட்காதே. உன் வகுத்தலில் தப்பில்லை. அண்ணன் இனிமேல் அனுப்பமாட்டானாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடு, அதோடு விட்டுவிடு. கேம்ஸ் சென்டர்காரருக்கு என்ன விற்பது என்பது அப்பா பாடு. நான் அந்தக் கடையை விட்டு வந்தவன், அதில் தலையிடமாட்டேன்.

இரவில் தனியாகக் கடையில் உட்காராதே. சோதனைக் கணினியின் பக்கத் தகட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கும். செருப்புப் போட்டுக்கொள்.

இன்னொன்று. உங்கள் கடையிலிருந்து நாலு மாதத்தில் ஏழு கார்டுகள் இங்கே வந்திருக்கின்றன. குறை என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் அப்பா கையெழுத்தில் “படம் வரவில்லை” என்று இருக்கிறது. ஏழும் நன்றாகப் படம் காட்டுகின்றன. முகவரியைப் பார்த்ததுமே என் மேலாளர், “வந்துட்டாருய்யா, நல்ல கார்டுக்கு வைத்தியம் பாக்குறவரு” என்று சிரிக்கிறார். கடை என்னுடையது என்று நான் சொல்லவில்லை. இருபது வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிறவருக்கு ஒரு கார்டைச் செருகிப் பார்க்க மறந்துவிட்டதா? கண் சரியாகத் தெரிகிறதா? மருத்துவரிடம் காட்டச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

அண்ணன்

•

ஜனவரி 19, இரவு

அண்ணா,

ஏன் என்று கேட்காதே என்று நீ சொன்னால் எனக்கு ஏன் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் தோன்றமாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடி பலகையை அழித்தேன். காலையில் அப்பா பார்த்தார். “கை பட்டு அழிஞ்சிருக்கும்” என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு எழுதுகோலை எடுத்து எல்லா எண்களையும் மனப்பாடமாக எழுதினார், அண்ணா. நாலு கார்டு, விலை, படம், நூறுக்கு எத்தனை. ஒரு புள்ளி விடவில்லை. இப்போது என் தப்பு அப்பாவின் கையெழுத்தில் தொங்குகிறது. அண்ணன் இனிமேல் அனுப்பமாட்டானாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், “இந்த மாசம் அவன் எட்டாம் தேதியே அனுப்பிட்டான்ல, போன மாசம் பத்து” என்றார். நான் பல் தேய்க்கப் போய்விட்டேன். அப்போதுதான் தேய்த்துவிட்டு வந்திருந்தேன்.

என் வகுத்தல் தப்பில்லை என்கிறாய், பலகையை அழி என்கிறாய். எது சரி? எண்கள் தப்பா? தப்பென்றால் எது சரியான எண்? சரியென்றால் ஏன் அழிக்க வேண்டும்?

ஆகஸ்ட்டில் நடந்ததையும் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அன்று நான் படிக்கட்டில்தான் இருந்தேன், உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மூன்று விசிறி கார்டு பன்னிரண்டு வாங்கி வைத்திருந்தார் அப்பா. நீ அதற்கு நூறுக்குப் பத்து என்று எழுதி, கடைசியில் போட்டாய். ஒருத்தரும் வாங்கவில்லை. அப்பா சொன்னார்: “இவ்வளவு மோசமாவா இருக்கும்? இன்னொரு தரம் ஓட்டிப் பாருடா.” நீ சொன்னாய்: “விக்கலைன்னா பொய்யா எழுதணுமா? இது கடையா இல்ல கண்கட்டு வித்தையா?” அப்பா கையாலேயே கடைசி வரியை அழித்தார். நீ பையை எடுத்துக்கொண்டாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் நீ தெருமுனையில் இருந்தாய்.

இத்தனை நாளும் நான் உன் பக்கம். அப்பா ஏமாற்றச் சொன்னார், நீ மறுத்தாய், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது நானும் அதே கார்டுக்கு அதே பத்தை எழுதியிருக்கிறேன். எனக்கும் அப்பா சொன்னதுதான் தோன்றுகிறது: இவ்வளவு மோசமாவா இருக்கும்? நான் யார் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்கலாம். ஆனால் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாதா என்பதே தெரியவில்லை. நேற்று என் பையில் இரண்டு தபால்தலைகள் இருந்தன. நான் வைக்கவில்லை.

அப்பாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மேசைக்கு அடியில் விழுந்த எறும்புத்தலை அளவு திருகாணியை நின்றபடியே காட்டுகிறார். உனக்கு அனுப்பிய கார்டுகளை அவர் கேட்டபோதெல்லாம் நான்தான் சோதனைக் கணினியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அதற்கு முந்தின நிமிடம் வரை ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் அவை. படம் வரவில்லை என்று அவர் ஏன் எழுதினார் என்று எனக்கும் புரியவில்லை.

இன்னும் இரண்டு வாரம்தான். பயமாக இருக்கிறது. சமாளிக்கிற மாதிரி எழுதாதே, புரிகிற மாதிரி எழுது.

பொடி

•

ஜனவரி 24

பொடி,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் கடிதம் வந்த அன்று மதியம் பதிவு அறைக்குப் போய் அந்த ஏழு சீட்டுகளின் நகலையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மேலே அப்பாவின் கையெழுத்து, கீழே என்னுடையது. ஒரு கார்டை இங்கே அனுப்பித் திரும்ப வாங்க என்ன செலவாகும் தெரியுமா? விசிறி இல்லாத கார்டின் விலையில் கால்வாசி. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன்.

சரி, அறுபது. கடையில் சோதனைக் கணினியோடு இருக்கிற திரை பழையது. நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் அதனால் காட்ட முடியாது. விளையாட்டின் அமைப்புகளில், திரைக் காட்சி என்ற பகுதியில், “திரையின் வேகத்தோடு ஒத்துப்போ” என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் கார்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அறுபதோடு நின்றுவிடும். விளையாடுகிறவனுக்கு அது நல்லது, திரையில் படம் கிழிந்த மாதிரி தெரியாது. சோதிக்கிறவனுக்கு அது விஷம். மூன்று பேரை ஓடவிட்டு, முடிவில் ஒருவர் மட்டும் நுழைகிற மாதிரி கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, மூன்று பேரும் ஒரே வேகம் என்று எழுதுவதைப் போல. சின்ன கார்டு கதவுக்கே வந்து சேரவில்லை, அதனால் அதன் எண் மட்டும் சரி. மற்ற மூன்றும் ஒரே அறுபது என்றால், வகுக்கும்போது எது விலை குறைவோ அதுதானே ஜெயிக்கும்? நீ கார்டை அளக்கவில்லை பொடி, திரையை அளந்தாய்.

அந்த டிக்கை நீ போடவில்லை. போன ஜூனில் சோதனைக் கணினியை முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். அப்போது அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கவனிக்கவில்லை. ஜூலையில் நான் எழுதிய பலகையும் ஆகஸ்ட்டில் எழுதிய பலகையும் தப்பு. மூன்று விசிறிக்கு நான் போட்ட பத்து, தப்பு.

இங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் என் எண்களைப் பார்த்து, “தம்பி, எல்லாக் கார்டும் உங்க ஊர்ல அறுபதுலதான் பிறக்குமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரவு தூக்கம் வரவில்லை. இன்னொரு தரம் ஓட்டிப் பாருடா என்றுதானே அப்பா சொன்னார். பொய் எழுது என்று அவர் சொல்லவே இல்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு வரி எழுதியிருக்கலாம். இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று ஐந்து மாதமாகிவிட்டது. தப்பை விட அந்த ஐந்து மாதம்தான் இப்போது பெரிதாக இருக்கிறது.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டு. அப்பாவிடம் சொல்லிவிடு. உன் தப்பு என்று சொல்லாதே, என்னுடையது என்று சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே காட்டு. வேண்டாம், காட்டாதே. நீயே பார்த்துச் செய். எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்

•

ஜனவரி 28, இரவு

அண்ணா,

டிக்கை எடுத்தேன். செருப்புப் போட்டிருந்தேன்.

ஒற்றை விசிறி அறுபத்தெட்டு. இரட்டை விசிறி நூற்றுப் பதினான்கு. மூன்று விசிறி நூற்று முப்பத்தெட்டு. விசிறிகள் இவ்வளவு சத்தமாகச் சுற்றி நான் கேட்டதே இல்லை. இத்தனை நாள் அவை பாதி தூக்கத்தில் ஓடியிருக்கின்றன. அப்பா எழுந்துவிடுவார் என்று கணினி மேல் என் போர்வையைப் போட்டு மூடினேன். பிறகு சூடாகிவிடுமே என்று எடுத்தேன். பிறகு மறுபடி மூடினேன்.

நூறுக்குக் கணக்குப் போட்டால் ஒற்றை முப்பத்து நான்கு, இரட்டை முப்பத்தெட்டு. இரட்டைதான் முதலிடம். கேம்ஸ் சென்டர்காரரின் புதுத் திரைகள் எல்லாம் நொடிக்கு நூற்றிருபது காட்டுபவை. ஒற்றை விசிறி கார்டு அவருக்குப் பாதி வேகம்தான் தரும். முப்பது பிள்ளைகள் உட்கார்ந்து திட்டுவார்கள். அவர் வந்து அப்பாவைத் திட்டுவார். அப்பா, என் பையன் கணக்கு என்பார்.

நேற்றும் இன்றும் சொல்லப் பார்த்தேன். நேற்று, “அப்பா, அந்த முப்பது கார்டு” என்று ஆரம்பித்தேன். “வந்ததும் உனக்குத்தான் அடுக்குற வேலை, பாப்பா” என்றார் சிரித்துக்கொண்டே. இன்று பக்கத்தில் போய் நின்று, டேப் எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

உன் தப்பு என்று சொன்னால் உனக்கு அவமானம். என் தப்பு என்று சொன்னால் நீ அனுப்பவே இல்லை என்று தெரிந்துவிடும். எது அப்பாவுக்குக் குறைவாக வலிக்கும்? இதற்கு ஒரு பலகை இருந்தால் நன்றாக இருக்கும்.

நான் பதிலுக்குக் காத்திருக்க முடியாது. இது உன்னிடம் வந்து சேர்வதற்குள் எப்படியும் முடிந்திருக்கும்.

பொடி

•

பிப்ரவரி 3, காலை

அண்ணா,

பகலில் எழுதுகிறேன். கடைமேசையிலேயே. எப்படி இது நடந்தது என்று எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை, நடந்தபடியே சொல்கிறேன்.

ஒன்றாம் தேதி கடை சாத்தும்போது சொன்னேன். கதவைப் பாதி இறக்கியிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், தலைகீழாகச் சொன்னேன். முதலில் டிக், பிறகு அறுபது, பிறகு உன் பத்து, கடைசியாகப் பலகையை எழுதியது நான்தான் என்பது. அடி விழும் என்று நினைத்தேன். அவர் எண்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அப்ப அவன் எதுவும் அனுப்பல.”

அவ்வளவுதான் சொன்னார். அண்ணா, அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. “இப்ப அனுப்பியிருக்கான்பா” என்று சொல்லி உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். காட்டு என்றும் சொன்னாய், காட்டாதே என்றும் சொன்னாய், ஆகவே இது பாதி உன் சம்மதம்தான்.

இரண்டு தடவை படித்தார். நீ தண்ணீர் குடிக்கப் போனதாக எழுதிய வரியில் விரலை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, “எங்க அந்த டிக்கு, காட்டு” என்றார். நாலு கார்டையும் நாங்கள் சேர்ந்து ஓட்டினோம். அம்மா மேலிருந்து, “சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் அங்கயே குடியிருக்கப் போறீங்களா?” என்று கத்தினாள். கடைசியாக மூன்று விசிறி. அப்பா திரைக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். நூற்று முப்பத்தெட்டு. விலை அறுநூறு. நூறுக்கு இருபத்து மூன்று.

“பத்து இல்ல” என்றார்.

“ஆமாப்பா.”

பலகையில் இருந்த எல்லா எண்களையும் ஒரு தரம் பார்த்தார். “இருபத்து மூணு ஆனாலும் கடைசிதான். கடைசின்னு அவன் எழுதினது சரிதான்.” சொல்லிவிட்டு, “பன்னெண்டையும் நான் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு நல்ல கார்டை மானங்கெடுத்தோம்” என்றார். சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது, முகம் திரையின் பக்கம் இருந்தது.

நேற்று கேம்ஸ் சென்டர்காரர் வந்தார். கணக்குத் தப்பு, அதே பணத்துக்கு இரட்டை விசிறி இருபதுதான் வரும் என்று அப்பா சொன்னார். “போன வாரம் ஒண்ணு சொல்றீங்க, இந்த வாரம் ஒண்ணு சொல்றீங்க! உங்க பையன் கணக்குன்னீங்களே?” “பையன்தாங்க தப்பைக் கண்டுபிடிச்சு எழுதினான்.” அவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டர் போடவில்லை. அவர் திரும்பி வருவாரா என்று தெரியாது. அப்பா என்னிடம் கோபமாக இருக்கிறாரா என்றும் தெரியவில்லை. இன்று காலை என் தட்டில் அவர் பங்கு முட்டையும் இருந்தது. அதற்கு என்ன பொருள்?

இப்போது அவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். சோதனைக் கணினியிலிருந்து இரட்டை விசிறி கார்டைக் கழற்றித் தரச் சொன்னார். “நல்லா ஓடுதேப்பா. இதுல என்ன குறை?” என்றேன். “கேள்வி கேக்காம டேப்பை எடு” என்றார்.

அவர் டேப் கிழிக்கும்போது சீட்டைப் பார்த்தேன். மேலே ஒரு கிளிப் போட்டு ஏழு பழைய சீட்டுகளும் இருந்தன, மூலைகள் மடங்காமல். அவற்றை மறுபடி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். எட்டாவது சீட்டில், குறை என்ற கட்டத்தில், “படம்” என்று ஆரம்பித்து அடித்திருக்கிறார். கீழே எழுதியிருக்கிறார்: “நேரில் பார்த்தால்தான் தெரியும்.”

இந்தக் கடிதத்தை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்கிறார். “முடிச்சிட்டியா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பலகையை அழித்து மூன்று கார்டுகளுக்கு எண் எழுதியாகிவிட்டது, இந்த முறை என் கையெழுத்தில். ஏழுகளுக்கு பெல்ட் இல்லை. இரட்டை விசிறிக்கு முப்பத்தெட்டு என்று எழுதப் போனேன். அப்பா எழுதுகோலை வாங்கி மூடிவிட்டார். அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

அந்தக் கார்டு உன்னிடம்தான் வருகிறது. நூறுக்கு எத்தனை என்று ஓட்டிப் பார். எழுதி மட்டும் அனுப்பாதே.

பொடி